அருவிக்கு அரை நாள், கல்வெட்டுக்கு அரை நிமிடமா?



சாரல் சீசன் ஒன்றுகூடலுக்கான திட்டத்தை நம் வாட்ஸப் குழுவில் பார்த்தேன். காலையில் ஐந்தருவி, அப்புறம் பழைய குற்றாலம், மதியம் பிரானூர் பார்டரில் பரோட்டா, சாயங்காலம் தென்காசிக் கோபுரத்துக்கு முன்னால் குரூப் போட்டோ. நல்ல திட்டம்தான். குற்றாலத்தில் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கும் கோயில் கல்வெட்டுகளுக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாமே என்று எழுதினேன். மூன்று விதமான பதில் வந்தது.

"சார், அங்க நாலு உடைஞ்ச கல்லுதான் கிடக்கு."

"சார், இப்பல்லாம் ஏஐ எதையும் படிச்சிரும்."

"சார், சிந்து எழுத்தே தமிழ்தான்னு கண்டுபிடிச்சாச்சு. இனிமே என்னத்தப் படிக்க?"

மூன்றுக்கும் கட்டைவிரல் குறி குவிந்தது. குழுவில் நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான். கணக்குப் பாடத்துக்கு முக்கால் மணி நேரம் என் முன்னால் உட்கார்ந்தவர்கள், இதற்கும் கொஞ்சம் உட்காருங்கள்.

அதே வாரத்தில் இங்கிலாந்தில் இருக்கும் நம் பையன் ஒருவன் தன்னுடைய ஹாம் ரேடியோ நண்பர்களோடு பிளெட்ச்லி பார்க் போய்வந்த படங்களைப் போட்டிருந்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்த இடம். இப்போது அருங்காட்சியகம். அதற்கு நீங்கள் எல்லோரும் "சூப்பர்", "கெத்து" என்று எழுதினீர்கள். அவன் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். என் சண்டை அவனோடு இல்லை. அங்கே இருப்பதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு, அதே வேலை நடந்த, இன்னும் நடக்க வேண்டிய இடத்தை "நாலு கல்லு" என்று தள்ளுகிறீர்களே, அதோடுதான் சண்டை.

முதலில் பிளெட்ச்லி எப்படி அருங்காட்சியகம் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். எனிக்மா என்ற ஜெர்மன் மறைகுறிப் பொறியின் உள்ளமைப்பை 1932-லேயே கண்டுபிடித்தது போலந்து. ரெயெவ்ஸ்கி, ருஷிட்ஸ்கி, சிகால்ஸ்கி என்ற மூன்று கணித இளைஞர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். 1939 ஜூலையில், போர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு, தாங்கள் கண்டதையெல்லாம் பிரிட்டனிடமும் பிரான்சிடமும் ஒப்படைத்தார்கள். அதன் மேல்தான் ஆலன் டூரிங்கும் கார்டன் வெல்ச்மனும் மற்றவர்களும் கட்டினார்கள். போர் முடியும் தறுவாயில் பிளெட்ச்லியில் சுமார் 9,000 பேர் வேலை செய்தார்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள். ஜெர்மன் ஒலிபரப்புகளை வீட்டிலிருந்தே கேட்டு எழுதித் தர ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் முன்வந்தார்கள். 1970-கள் வரை இது பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 1991-இல் அந்தக் கட்டடங்களை இடித்துவிடும் நிலை வந்தது. தடுத்தது ராணுவமும் இல்லை, பெரிய பல்கலைக்கழகமும் இல்லை. அந்த ஊரில் இருந்த சின்ன வரலாற்றுச் சங்கம். போகட்டும், கடைசியாக ஒரு வழியனுப்பு விழாவாவது நடத்துவோம் என்று, அங்கே வேலை பார்த்த முதியவர்களை 1991 அக்டோபரில் அழைத்தார்கள். 400-க்கும் மேல் வந்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டபின் இடிக்க விடுவதற்கு மனம் வரவில்லை. 1992-இல் அறக்கட்டளை, 1993-இல் பார்வையாளர்களுக்குத் திறப்பு. உடைத்துப் போடப்பட்ட பழைய இயந்திரங்களை ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆர்வலர்களும் பல வருடம் பாடுபட்டு மறுபடி செய்து ஓடவிட்டார்கள்.

ஒரு கூட்டம் ஒன்றாகக் கிளம்பிப் போய் ஓர் இடத்தைப் பார்த்தது. அதனால் அந்த இடம் பிழைத்தது. சுற்றுலா என்றால் இப்படியும் இருக்கலாம், பிள்ளைகளா.

அடுத்து, மறைகுறியை எப்படி உடைத்தார்கள்? மந்திரத்தால் இல்லை. இரண்டு பிடிகள் சொல்கிறேன். எனிக்மாவில் எந்த எழுத்தும் தன்னைத் தானே குறிக்காது. 'அ' என்று தட்டினால் 'அ' வரவே வராது. அந்த "வராது" என்பதே ஒரு துப்பு. இரண்டாவது, தினமும் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் வானிலை என்பதற்கான ஜெர்மன் சொல் எங்கோ இருந்தே தீரும். திரும்பத் திரும்ப வரும் சொல்லை ஊகித்து, அது எந்த இடத்தில் பொருந்தாது என்று கழித்துக்கொண்டே வந்தார்கள்.

இப்போது நம் பக்கம் வாருங்கள்.

1837-இல் கல்கத்தா நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி தூபியின் கற்களில் சின்னச் சின்ன வரிகளைப் பார்த்தார். பல வரிகள் ஒரே மாதிரி எழுத்துகளில் முடிந்தன. கோயிலுக்குக் கல் கொடுத்தவர்கள் என்ன எழுதுவார்கள்? "இன்னாருடைய தானம்" என்றுதானே! "தானம்" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிராமி எழுத்தைத் திறந்தார். பிளெட்ச்லிக்கு நூறு வருடம் முன்பே அதே உத்தி. அவருக்கும் இது ஆபீஸ் வேலை இல்லை, ஆர்வத்தால் எடுத்துக்கொண்ட வேலை.

பிராமியைப் படிக்கத் தெரிந்த பிறகும் தமிழ்நாட்டுக் குகைகளில் இருந்த வரிகள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. எழுத்து தெரிகிறது, பொருள் வரவில்லை. பிராகிருதம் என்று நினைத்துப் படித்தால் உளறலாக இருந்தது. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் ஒரு கட்டுரை படித்தார். இந்தக் கல்வெட்டுகளில் வடமொழியின் கனத்த ஒலிகளான வர்க்க எழுத்துகள் வருவதில்லை. அதே சமயம் ழ, ள, ற, ன போன்ற ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இருக்கின்றன. ஆகவே இது தமிழ் என்றார். பார்த்தீர்களா? எனிக்மாவில் "வராது" என்பது துப்பானது போல, இங்கேயும் எது இல்லை என்பதுதான் சாவி.

அதற்குப் பிறகு ஐராவதம் மகாதேவன். ஐஏஎஸ் அதிகாரி. அரசு வேலை போக மிஞ்சிய நேரத்தில் மலை மலையாக ஏறினார். பிராமியில் 'ஆ' என்பதற்கு இடும் சிறு கோடு, சில பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் 'அ', 'ஆ' இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது, கோடு இல்லாத எழுத்து வெறும் மெய் என்று விளக்கினார். கரூர் அருகே புகளூர் கல்வெட்டை 1965-இல் அவர் படித்தபோது, தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் வந்தன. அவை பதிற்றுப்பத்தில் நாம் அறிந்த சேர மரபோடு பொருந்தின. கல் ஒரு சாட்சி, ஏடு இன்னொரு சாட்சி. ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு சாட்சிகள் ஒரே பெயரைச் சொன்னால்தான் அது நிரூபணம். கணக்கில் விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார் என்று உங்களிடம் கத்திக்கொண்டே இருந்தேனே, அதே விஷயம்தான்.

இதெல்லாம் எங்கோ மதுரையிலும் கரூரிலும் என்று சொல்லாதீர்கள். சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. சங்கரன்கோவில் தாண்டிப் போனால் கழுகுமலை. அங்கே பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் திருமேனிகள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் நூற்றுக்குப் பக்கமான சிறு கல்வெட்டுகள். பலவும் "செய்வித்த திருமேனி" என்றே முடிகின்றன. பிரின்செப்புக்குத் "தானம்" எப்படியோ, வட்டெழுத்துப் படிக்கத் தொடங்குகிறவனுக்கு இந்தத் "திருமேனி" அப்படி. அந்தச் சொல்லில் மட்டும் நாலு எழுத்துகள் கையில் சிக்கிவிடும். எட்டாம் வகுப்புப் பையன் ஒரே மத்தியானத்தில் பிடித்துவிடுவான். நம் குற்றாலநாதர் கோயிலிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. எத்தனை முறை அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அவற்றைக் கடந்து போயிருப்பீர்கள்!

தென்காசிக் கோயிலுக்கு வருகிறேன். 1446-இல் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கிய கோயில். அங்கே இருப்பது தமிழ் எழுத்து, கொஞ்சம் பழகினால் படிக்கலாம். ஆனால் புள்ளி கிடையாது. குறில், நெடில் எகர ஒகரங்களுக்கு வேறுபாடு கிடையாது. "எரி"யும் "ஏரி"யும் ஒரே மாதிரி. "கொடு"வும் "கோடு"ம் ஒரே மாதிரி. காலும் 'ர'வும் ஒரே மாதிரி. எது என்பதை முன்னும் பின்னும் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். இதைவிட நல்ல புதிரை எந்த செல்போன் விளையாட்டு உங்கள் பிள்ளைகளுக்குத் தரும்?

அப்படிப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை வணங்குகிறேன் என்ற கருத்தில் அந்த அரசன் பாடலாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். முன்பின் தெரியாத, இன்னும் பிறக்காத ஆட்களை ஓர் அரசன் கும்பிட்டிருக்கிறான். குறையும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராஜகோபுரம் சிதைந்தது. உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் சின்ன வயதில் அதை மொட்டைக் கோபுரமாகவே பார்த்திருப்பீர்கள். 1990-இல்தான் மறுபடி எழுந்தது. அந்தக் கோபுரத்துக்கு முன்னால் பல் தெரிய போட்டோ எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு, அரசனின் அந்தக் கும்பிடு நமக்கும் சேர்த்துத்தான் என்று தெரியும்?

இனி உங்கள் மூன்று பதில்களுக்கு வருகிறேன்.

நாலு கல் என்றீர்கள். பிளெட்ச்லியிலும் நாலு கொட்டகைதான் இருந்தது. படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாமே வெறும் கல்தான், வெறும் கொட்டகைதான். இந்த அலட்சியத்துக்கு நாம் கொடுத்த விலை சின்னதா? எத்தனையோ கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் பெயின்ட் அடித்தார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், ஆணி அடித்து சுவிட்ச் போர்டு மாட்டினார்கள். மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறோம் என்று எழுத்தையே மழித்தார்கள். பின்னால் அதற்குத் தடை வந்தது. மழித்த எழுத்து திரும்ப வரவில்லை. அந்த நேரத்தில் அந்த ஊரில், "ஏய், நிறுத்துங்க, இது எங்க ஊர் ஏரிக்கு எழுதி வச்ச கணக்கு" என்று சொல்லத் தெரிந்த பத்துப் பேர் இருந்திருந்தால் போதும்.

ஏஐ படித்துவிடும் என்றீர்கள். நான் இயந்திரத்துக்கு விரோதி இல்லை. 2022-இல் கிரேக்கக் கல்வெட்டுகளில் சிதைந்த எழுத்துகளை நிரப்ப 'இதாகா' என்ற ஏஐ வந்தது. செய்தவர்களே வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். வரலாற்று அறிஞர்கள் தனியாகச் செய்தபோது 25 சதவீதம் சரி. இயந்திரம் தனியாக 62 சதவீதம். இயந்திரத்தை வைத்துக்கொண்டு அறிஞர்கள் செய்தபோது 72 சதவீதம். இதில் பாடம் என்ன? இயந்திரம் உதவும், படிக்கத் தெரிந்தவனுக்கு இன்னும் அதிகம் உதவும். அந்த இயந்திரம் கற்றதே மனிதர்கள் நூறு வருடமாகக் கல்லோடு மல்லுக்கட்டிப் படித்து அச்சிட்ட பாடங்களிலிருந்துதான். நமக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்றால், அது தப்பாகச் சொல்லும் நூற்றில் முப்பத்தெட்டை யார் கண்டுபிடிப்பது? கால்குலேட்டர் வந்ததும் கூட்டலை மறந்த கடைக்காரன், மீதிச் சில்லறைக்கு அடுத்தவன் முகத்தைப் பார்த்து நிற்கிற கதைதான்.

மூன்றாவது பதில்தான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. சிந்து எழுத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றீர்கள். 2025 ஜனவரியில் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின், சிந்துவெளி எழுத்துப் புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று அறிவித்தாரே, நினைவிருக்கிறதா? ஏற்கெனவே படித்தாகிவிட்ட எழுத்துக்கு எந்த அரசாவது பரிசு அறிவிக்குமா? இந்த ஒன்றை யோசித்திருந்தாலே அந்த ஃபார்வேர்டை அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

சிந்து முத்திரைகளில் சராசரியாக ஐந்து குறிகள்தான் இருக்கும். ஒரே செய்தியை இரண்டு மொழியில் சொல்லும் கல் ஒன்றும் கிடைக்கவில்லை. 1977-இல் அந்தக் குறிகளுக்கெல்லாம் பெரிய தொகுப்பு அட்டவணை வெளியிட்ட மகாதேவன், அது திராவிட மொழியாக இருக்கலாம் என்று வாழ்நாள் முழுக்க ஆய்ந்தார். ஆனால் முழுவதும் படித்துவிட்டேன் என்று மார்தட்டவில்லை. தமிழ் மேல் அவருக்கு இல்லாத பற்றா உங்கள் ஃபார்வேர்டுக்கு இருக்கிறது? பானைக் கீறல்களுக்கும் சிந்துக் குறிகளுக்கும் உருவ ஒற்றுமை இருப்பது முக்கியமான செய்திதான். ஆனால் உருவம் ஒத்திருப்பது வேறு, ஒலி தெரிந்து படிப்பது வேறு.

மைக்கேல் வென்ட்ரிஸ் என்று ஒருவர். தொழிலால் கட்டடக் கலைஞர். கிரீட் தீவின் 'லீனியர் பி' எழுத்தின் மேல் பள்ளிப் பருவத்திலேயே பித்து. அது எட்ருஸ்கன் மொழியோடு தொடர்புள்ளது என்று பல வருடம் நம்பினார். 1952-இல் அவருடைய சொந்த அட்டவணையே அது கிரேக்கம் என்று காட்டியது. நம்பிக்கையை விட்டார், சான்றை எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம், அவர் அதுவரை பார்த்திராத ஒரு களிமண் பலகையை அவர் முறைப்படி படித்தபோது, முக்காலிப் பாத்திரப் படத்துக்குப் பக்கத்தில் முக்காலி என்ற சொல்லே வந்தது. அதுதான் பரீட்சை. தனக்குப் பிடித்த விடையைத் தோற்கடிக்கவும் தயாராக இருப்பவனால்தான் எழுத்தை உடைக்க முடியும். தமிழுக்கு உண்மையிலேயே அவ்வளவு தொன்மை இருக்கிறது. அதற்கு நம்முடைய பொய் சாட்சி தேவையில்லை. பொய் ஒன்று பிடிபட்டால், பக்கத்தில் நிற்கும் மெய்யையும் உலகம் சந்தேகப்படும்.

குற்றாலத்தில் கூடுவது என்றால் குளித்துச் சாப்பிட்டுத் திரும்புவது மட்டும் என்று எப்போது ஆனது? ரசிகமணி டி.கே.சி. இருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். அவர்களும் அருவியில் குளித்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். கூடவே கம்பனை வரி வரியாக அனுபவித்தார்கள். அந்த மரபில் நமக்குக் குளியலும் சாப்பாடும் மட்டும் போதும் என்று யார் பங்கு பிரித்தது?

ஆகவே என் தீர்மானம். பரோட்டாவில் கை வைக்கவில்லை, பயப்படாதீர்கள். முதல் நாள் காலை ஏழு முதல் பத்து மணி வரை தென்காசிக் கோயிலும், குற்றாலநாதர் கோயிலும். அருங்காட்சியகம் திறந்ததும் அங்கே ஒரு மணி நேரம். அதற்கு முன் பதினைந்து நாள், தினமும் ஐந்து எழுத்து குழுவில் போடுவேன். பிள்ளைகளையும் எழுதிப் பழகச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு ஒரு வரி. நோட்டில் தெரிகிறபடி எழுதுங்கள். சந்தேகமானதைச் சந்தேகம் என்றே குறியுங்கள். பிறகு அச்சில் உள்ள தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியோடு ஒப்பிடுவோம். யார் கல்லிலும் மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் தடவக் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும், அது போதும். அனுமதி கேட்காமல் கோயிலுக்குள் போட்டோ எடுக்கக் கூடாது.

வர விருப்பம் இல்லாதவர்கள் நேரே ஐந்தருவிக்குப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வராதவர்கள், சிந்து எழுத்தைப் பற்றி அடுத்த ஒரு வருடத்துக்குக் குழுவில் ஃபார்வேர்டு போடக் கூடாது. இது மட்டும் கறாரான நிபந்தனை.

வருகிறவர்கள் கீழே பெயரும் பிள்ளைகளின் வகுப்பும் எழுதுங்கள். முதல் ஐந்து எழுத்து நாளைக் காலை வரும்.